ஊற்றிய கை, சொன்ன வாய்

எங்கள் ஊரில் விசுவாசம் என்றால் மனப்பாடம். அப்படித்தான் நானும் படித்தேன், பிறகு அப்படித்தான் படிப்பித்தேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரை என்று சொல்லும் பக்கத்தில், நாற்பது கத்தோலிக்கக் குடும்பங்கள் இருந்த ஒரு சின்ன ஊருக்கு நான் உபதேசியார். சுவாமியார் இருந்தது அக்கரையில். மாதத்தில் இரண்டு ஞாயிறு தோணியில் வாவியைக் கடந்து வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் கோயிலைத் திறப்பது, மூன்று வேளையும் மணி அடிப்பது, செபம் சொல்வது, சாகக் கிடப்பவர்களின் பக்கத்தில் இருப்பது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பது எல்லாம் என் தலையில். கோயில் திறப்பு, ஒரு பெரிய இரும்புச் சாவி, எப்போதும் என் இடுப்பில் தொங்கும். அது தொங்குவதில் எனக்குக் கர்வமும் இருந்தது. இருபத்தைந்து வயதில் அந்தளவு அதிகாரம் கிடைத்தால் எவனுக்கும் கொஞ்சம் தலை கனக்கத்தான் செய்யும்.

ஞானோபதேசம் ஞாயிறு பின்னேரங்களில் நடக்கும். நான் கேள்வியைக் கேட்பேன், பிள்ளைகள் பதிலை ஒரே குரலில் கத்துவார்கள். ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடியவர் யார்? யாரும் கொடுக்கலாம், ஆணும் பெண்ணும், வேதத்தில் சேராதவரும்கூட. எப்படிக் கொடுக்க வேண்டும்? தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டே, ஊற்றுகிறவரே அதற்குரிய வார்த்தைகளைச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது பதிலில் பிள்ளைகள் எப்போதும் ஒரு இழுவை இழுப்பார்கள். அது எனக்குப் பிடிக்காது. பிரம்பால் மேசையைத் தட்டித் திரும்பவும் சொல்லச் செய்வேன். பதில் பிசகாமல் வந்தால் சரி. அதற்கு மேலே அவர்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தை எங்கே போகும் என்பதும் பாடத்தில் இருந்தது. மோட்சத்துக்குப் போகாது. நரகத்துக்கும் போகாது. நெருப்பு இல்லை, வேதனை இல்லை, ஆனால் கடவுளின் முகத்தை ஒருநாளும் காணாது. அந்த இடத்துக்கு லிம்போ என்று பெயர் சொல்வோம். இந்தக் காலத்துக் குருமார் அதை அவ்வளவு அழுத்திப் பேசுவதில்லை என்று கேள்விப்படுகிறேன். எங்களுக்கோ அது உன்னிச்சைக் குளம் மாதிரி. போய்ப் பார்த்திராதவர்களும் அப்படி ஒரு குளம் இருக்கிறதா என்று சந்தேகப்படுவதில்லை அல்லவா, அந்த மாதிரி.

சேமக்காலையிலும் அதைக் கண்ணால் காணலாம். கத்தோலிக்கர்கள் நாங்கள் இடுகாட்டை அப்படித்தான் சொல்வோம். சுவாமியார் மந்திரித்த நிலத்தைச் சுற்றிக் கதியால் வேலி. வேலிக்கு வெளியே, வாவிப் பக்கமாக, ஒரு துண்டு மணல் தரை. ஞானஸ்நானம் இல்லாத குழந்தைகளும் தூக்குப் போட்டுக்கொண்டவர்களும் அங்கேதான். அங்கே குருசு நாட்டுவதில்லை, செபம் சொல்வதில்லை. மாடு மேயப் போகும், யாரும் துரத்துவதில்லை.

எங்கள் பக்க வழக்கப்படி நான் கல்யாணம் முடித்து மனைவியின் வீட்டுக்கு வந்தவன். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. ஒரு அக்கா மட்டும், வாவிக்கு அக்கரையில் கட்டிக் கொடுத்த இடத்தில் இருந்தாள். மனைவிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நான் வீட்டில் உரக்கப் படித்துப் பாடம் தயார் செய்வதைச் சமைத்துக்கொண்டே கேட்டுக் கேட்டு முழு ஞானோபதேசமும் அவளுக்கு வந்துவிட்டது. நான் எங்காவது தடக்கினால் அடுக்களையிலிருந்து அடுத்த சொல் வரும். ஒரு வித்தியாசம் இருந்தது. எனக்கு அது பாடம். அவளுக்கு அது செய்தி. மோட்சத்தில் சம்மனசுகள் என்கிற தேவதூதர்கள் இருக்கிறார்கள் என்று கேட்டால், பக்கத்து ஊரில் யாரோ குடி வந்திருக்கிறார்கள் என்பதைப்போல எடுத்துக்கொள்வாள்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு நாலைந்து வருடம் முந்தி அவள் முதல் முறை பிள்ளை உண்டானாள். பேறுக்கு அக்கா வருவதாக ஏற்பாடு. ஆனால் சொன்ன காலத்துக்கு ஒரு மாதம் முந்தியே, ஒரு வெள்ளிக்கிழமை விடியவே, வலி கண்டுவிட்டது. மருத்துவிச்சியை மட்டும்தான் கூப்பிட்டுவர முடிந்தது. அவர் அடுத்த ஊர் முஸ்லிம் மனுசி. ராத்தா என்றுதான் எல்லோரும் சொல்வோம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடானாலும் பிள்ளை பிறப்பது அவர் கையில்தான்.

வீட்டின் ஒரு மூலையில் சீலை கட்டி மறைத்திருந்தது. நான் சீலைக்கு இந்தப் பக்கம். பிள்ளை பெறுகிற இடத்துக்குள் ஆம்பிளை போவது எங்கள் ஊரில் கேள்விப்படாத காரியம். துடக்கு, தீட்டு என்பார்கள், வெட்கக்கேடு என்பார்கள். துடக்கு என்பதெல்லாம் வேதத்துக்கு ஒவ்வாத பழக்கம் என்று கோயிலில் நின்று பேசியவன் நான். பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, மற்ற ஆம்பிளைகளைப் போல வாசலுக்கும் சீலைக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன்.

வெயில் ஏறும் நேரம் ராத்தாவின் குரல் கேட்டது.

"உபதேசியார், ஆம்பிளப் புள்ள. ஆனா மூச்சு சரியில்ல. உங்கட ஓதல் என்னமும் இருந்தா சுறுக்கா ஓதுங்க."

எனக்குக் கை நடுங்கவில்லை. அதை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டேன். சீலையின் அடியால் கையை நீட்டிச் செம்பை உள்ளே கொடுத்தேன்.

"ராத்தா, புள்ளட தலையில ஊத்துங்க. நான் சொல்லச் சொல்ல ஊத்துங்க."

"ஊத்துறன். சொல்லுங்க."

பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே என்று தொடங்கி முழு வார்த்தையையும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ராத்தா வாய்க்குள் தன்னுடைய ஓதலையும் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு மனைவியின் குரல் வந்தது.

"குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு."

"அப்ப சரி," என்றாள். அதன் பிறகுதான் அழத் தொடங்கினாள். பிள்ளை அரை மணித்தியாலம் இருந்தான்.

நானும் அழுதேன். ஆனால் அந்த அழுகைக்குள் ஒரு திருப்தி இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. செய்ய வேண்டியதை நேரத்தோடு செய்துவிட்டேன், என் மகன் நேரே மோட்சத்துக்குப் போய்விட்டான், வேறு ஒரு தகப்பனாக இருந்தால் பதறிப் போயிருப்பான் என்று மனதுக்குள் ஓடியது. பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் வந்த பலகைப் பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. அதைச் சீவி மட்டமாக்கி, உள்ளே வெள்ளைத் துணி விரித்தேன்.

தோணிக்காரர் அக்கரைக்குப் போய்ச் சொன்னதில் சுவாமியார் பின்னேரமே வந்துவிட்டார். அவர் வெள்ளைக்காரர், பல வருடம் இங்கே இருந்தவர். பேச்சு புத்தகத் தமிழாக இருக்கும். என் தோளில் கை வைத்து ஆறுதல் சொன்னார். ஞானஸ்நானப் புத்தகத்தைத் திறந்து பேனையை எடுத்தார். அவசர ஞானஸ்நானம் எது நடந்தாலும் இரண்டு கேள்வி கேட்டுத்தான் பதிவார்.

"தண்ணீர் ஊற்றினது யார்?"

"மருத்துவிச்சி, சுவாமி."

"வார்த்தைகளைச் சொன்னது?"

"நான்."

அந்த 'நான்' வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கே விளங்கியது. என் பிள்ளைகள் ஞாயிறுதோறும் இழுத்துச் சொல்லும் பதில் காதில் கேட்டது. ஊற்றுகிறவரே. அதை எத்தனை தரம் மேசையைத் தட்டிச் சொல்லிக் கொடுத்தேனோ தெரியாது. காலை தொடங்கி அந்த நேரம் வரைக்கும் ஒரு தரம்கூட எனக்கு அது ஞாபகம் வரவில்லை. என்னிடம் கேள்வி கேட்க ஆள் இருந்தால்தான் எனக்குப் பதில் வரும் போலிருக்கிறது.

சுவாமியார் பேனையைக் கீழே வைத்தார்.

"ஒருவர் ஊற்ற மற்றவர் சொன்னால் அது ஞானஸ்நானம் ஆகாது. இதைப் படிப்பிப்பவர் நீர்."

"ஓம் சுவாமி."

"நீர் ஏன் உள்ளே போகவில்லை?"

"மனுசி பிள்ளை பெத்த இடம், சுவாமி."

அவர் ஞானஸ்நானப் புத்தகத்தை மூடினார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிள்ளை உயிரோடு இருந்தால் திரும்பவும் கொடுக்கலாம், இறந்தவனுக்குக் கொடுக்க முடியாது என்று மட்டும் சொன்னார். அதுவும் எனக்குத் தெரிந்த பதில்தான்.

வேலிக்கு வெளியே நான்தான் குழி வெட்டினேன். சுவாமியார் வேலிக்கு உள்ளே நின்றார். செபப் புத்தகத்தைத் திறக்க அவருக்கு அனுமதி இல்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, முடியும் வரை பேசாமல் நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது என்று தோணிக்காரர் பிறகு சொன்னார். இருக்கலாம். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சீலைக்கு அப்பாலிருந்து மனைவி கேட்டாள்.

"எங்க வெச்சீங்க?"

"சேமக்காலையிலதான்."

நாற்பதாம் நாள் வரைக்கும் அந்தப் பொய்யோடு இருந்தேன். பொய் சொல்வது பாவம் என்று தெரியும். ஆனால் உண்மையைச் சொல்லச் சீலையைத் தூக்க வேண்டும், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அது என்னால் முடியாமல் இருந்தது.

பிள்ளை பெற்றவள் நாற்பது கழித்துக் கோயிலுக்கு வந்து ஆசீர்வாதம் வாங்குவது வழக்கம். அன்றைக்கு அவளும் வந்தாள். சுவாமியார் செபம் சொல்லி முடித்ததும் வெளியே வந்து, பிள்ளையைக் காட்டச் சொன்னாள். சேமக்காலைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். பூவரச மரத்தடியில் பெயரில்லாத ஒரு சின்ன மேடு இருந்தது, யாருடைய பிள்ளையோ. அதைக் கை காட்டினேன். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. என்னைத் தாண்டி நடந்து, வேலியில் மாடு புகுந்து புகுந்து உண்டான கடவையால் வெளியே போய், நான் வெட்டிய இடத்தில் போய் இருந்தாள்.

ராத்தா சொல்லியிருக்கிறார். பிள்ளை பெற்ற உடம்புக்கு வெந்நீர் வார்க்க வந்த நாட்களில் எப்போதோ சொல்லியிருக்கிறார். இதெல்லாம் தெரிந்தே அவள் ஒரு மாதத்துக்கு மேலாகச் சீலைக்கு அப்பாலிருந்து சாப்பிட்டீங்களா என்று என்னைக் கேட்டிருக்கிறாள்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள்தான் பேசினாள்.

"ராத்தா அழுதவ. தான் வேற வேதமாம், தன்ட கையாலதான் தண்ணி பலிக்கல்லயாம். அப்பிடி இல்லயெண்டு அவக்கிட்ட போய்ச் சொல்லுங்க."

"சொல்றன்."

சொல்லவில்லை. சொல்லப் போனால் குற்றம் யாருடையது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டி வரும். அப்படியே வருடங்கள் போயின. வழியில் ராத்தாவைக் கண்டால் சுகம் விசாரித்துவிட்டு நடையைக் கட்டுவேன்.

மனைவி என்னைக் குற்றம் சொன்னதே இல்லை. கோயிலையும் விடவில்லை. முன்னைவிட ஒழுங்காக வந்தாள். ஆனால் கேள்வி கேட்கத் தொடங்கினாள். மாவிடித்துக்கொண்டிருப்பாள், நெல் புடைத்துக்கொண்டிருப்பாள், திடீரென்று கேட்பாள்.

"அங்க புள்ளயள் அழுமா?"

"வேதன இல்ல எண்டுதான் இருக்கு. அழாது."

"பசிக்குமா?"

"பசிக்காது."

"தூக்குறதுக்கு ஆர் இருக்காங்க?"

அதற்குப் பதில் பாடத்தில் இல்லை. சுவாமியாரிடம் கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, அந்தக் குழந்தைகள் ஒருவித இயற்கையான சந்தோசத்தில் இருப்பதாக வேதசாஸ்திரிகள் சொல்கிறார்கள் என்றார். அதை வந்து அவளிடம் சொன்னேன். அவள் சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"சந்தோசமெண்டா சரி. தூக்குறது ஆர்?"

என் கோபமெல்லாம் ஞாயிறு வகுப்பில் இறங்கியது. அந்த ஒரு பதிலை இருபது தரம் சொல்ல வைத்தேன். தடுமாறிய ஒரு சின்னப் பெட்டையின் காதைத் திருகியதில் அவளுடைய தோடு கழன்று ரத்தம் வந்துவிட்டது. தகப்பன் வந்து சண்டை பிடித்தான். பிடிக்கட்டும் என்றிருந்தேன். பிறகு ஊரில் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கெல்லாம் அந்த வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு போத்தலில் தண்ணீர் நிரப்பி எப்போதும் தயாராக வைத்திருந்தேன். காய்ச்சல் வருடங்களில் குழந்தைகள் அடிக்கடி சாகும். கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் ஓடினேன். எத்தனை சீலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவுதானா அந்தச் சீலை என்று ஒவ்வொரு தரமும் எனக்கு நெஞ்சு வலிக்கும். அந்தப் பிள்ளைகள் ஒன்றுகூட வேலிக்கு வெளியே போகவில்லை.

யுத்தகாலத்தில், அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கூப்பன் வந்துவிட்ட பிறகு, அவள் திரும்பவும் உண்டானாள். ஆறேழு வருடம் கழித்து. இந்தத் தரம் மாதம் நிறைந்திருந்தது. வலி கண்ட அன்று காலையில், மூலையில் சீலை கட்ட வந்த ராத்தாவிடம் நானும் உள்ளேதான் இருப்பேன் என்றேன். அவருக்கும் வயதாகியிருந்தது. சரி மனே, இருங்க என்றார். வலிக்கு இடையில் மனைவி கண்ணயர்ந்த நேரம், மெதுவாகக் கேட்டார்.

"போன புள்ளக்கி நான் ஊத்தினதாலதானே உங்கட சாமியார் ஏத்துக்கல்ல?"

"இல்ல ராத்தா. நான் உள்ளுக்கு வராததாலதான்."

இத்தனை வருடமாக அவர் நெஞ்சில் கிடந்த சுமை. ஒரு வசனத்தில் இறக்கி வைத்திருக்கலாம். அவர் கோபப்படவும் இல்லை. முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெந்நீரைப் பார்க்கப் போனார்.

பிள்ளை பத்து மணிபோல் பிறந்தது. பெண். கொப்பூழ்க் கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. ராத்தா கொடியை எடுத்து, முதுகைத் தட்டி, வாயைத் துடைத்து, தெரிந்ததெல்லாம் செய்து பார்த்தார். உடம்பு நீலம். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் ஒரு மூச்சு. ராத்தா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் போத்தலைத் திறந்து தண்ணீரைச் செம்பில் ஊற்றிக்கொண்டு பன்பாயின் பக்கத்தில் முழந்தாளில் இருந்தேன். இந்தத் தரம் ஊற்றுவதும் நான், சொல்வதும் நான். ஒன்றும் பிசகாது.

மனைவி பிள்ளையை மார்போடு அணைத்து, தன் உள்ளங்கையால் அதன் தலையை மூடினாள்.

"கைய எடு," என்றேன்.

"வேணாம்."

"நேரமில்ல. கைய எடு புள்ள."

"இவள் அவனிட்ட போகட்டும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. வலியில் பிதற்றுகிறாள் என்று நினைத்தேன். அவள் பிதற்றவில்லை. என் முகத்தைப் பார்த்து, பாடம் ஒப்புவிப்பது மாதிரி, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்.

"மோட்சத்தில மாதா இருக்கா. சம்மனசுகள் இருக்காங்க. என்ட அம்மா இருக்கா. தூக்குறதுக்கு அங்க ஆக்கள் இருக்கு. அவனுக்கு ஆருமில்ல. ஆறு வருசமா தனிய கிடக்கான். இவளும் அங்க போனா ஒராளுக்கு ஒராள் துணை."

"இவளுக்குக் கடவுளக் காண ஏலாமப் போகும்."

"அவனுக்கும்தான் ஏலாது."

அவளுடைய கையில் பலமே இல்லை. ஒரு விரலால் அதை விலக்கியிருக்கலாம். அந்தக் கைக்குக் கீழே, நான் படிப்பித்ததன்படி, என் மகளின் நித்தியம் இருந்தது. நான் விலக்கவில்லை. பெட்டியில் மகனைக் கிடத்தும்போது அவனுடைய தலைமயிர் இன்னும் ஈரமாக இருந்தது ஞாபகம் வந்தது. அந்த ஈரத்தால் அவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லாமல் போய்விட்டது. செம்பைக் கீழே வைத்தேன்.

ராத்தா சுவர்ப் பக்கம் திரும்பி இருந்துகொண்டார். பிள்ளையின் மூச்சு நின்றபோது மத்தியானம் ஆகியிருக்க வேண்டும். மணி அடிக்கவில்லையே, உபதேசியாருக்கு என்ன நடந்தது என்று வாசலில் ஆட்கள் வந்து கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் நேரம் தெரிந்தது. அத்தனை வருடத்தில் நான் அடிக்காமல் விட்ட மத்தியான மணி அது ஒன்றுதான்.

சுவாமியார் வந்தார். அதே ஆள்தான், தாடி முழுக்க நரைத்திருந்தது. புத்தகத்தைத் திறக்க முந்தியே நான் சொல்லிவிட்டேன்.

"ஞானஸ்நானம் குடுக்கயில்ல, சுவாமி."

"நீர் வீட்டில் இல்லாத நேரமா?"

"பக்கத்தில இருந்தனான்."

"தண்ணீர் இருக்கவில்லையா?"

"கையில இருந்தது."

காரணத்தை நானே சொன்னேன். சொல்லச் சொல்ல அவருடைய முகம் மாறிக்கொண்டே போனது. கடைசியில், உமது மனைவிக்குத் துக்கத்தில் தெரியாமல் போயிருக்கலாம், உமக்குத் தெரியும் அல்லவா என்றார். ஓம், எனக்குத் தெரியும் என்றேன். அவர் கையை நீட்டினார். இடுப்பிலிருந்து திறப்பைக் கழற்றிக் கொடுத்தேன். அது தொங்கிய இடத்தில் வேட்டியில் துருக்கறை இருந்தது. எவ்வளவு வெளுத்தும் போகவில்லை.

மகளை மகனுக்குப் பக்கத்தில் வைத்தேன். இடைவெளி ஒரு சாண்கூட இராது. சுவாமியார் அன்றைக்கும் வேலிக்கு உள்ளே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

பிறகு நான் வட்டையில் வயல் வேலைக்குப் போனேன். ஊரில் பலதும் கதைத்தார்கள். உபதேசியார் விசுவாசத்தை விட்டுவிட்டான் என்றார்கள். எனக்கு அதைக் கேட்கச் சிரிப்பும் வரும், ஆத்திரமும் வரும். விசுவாசத்தை விட்டவனுக்கு என்ன கஷ்டம்? லிம்போவும் இல்லை மோட்சமும் இல்லை என்று நினைக்கிறவன், பெண்சாதியின் மனத்திருப்திக்கு இரண்டு சொல் சொல்லித் தண்ணீரை ஊற்றியிருப்பான், அல்லது ஊற்றாமல் விட்டிருப்பான், இரண்டும் அவனுக்கு ஒன்றுதான். எங்கள் இரண்டு பேருக்கும் அது அப்படியே, சொல்லுக்குச் சொல், உண்மையாக இருந்தது. அவளுக்கு முதலிலிருந்தே. எனக்கு அந்தக் கையைப் பார்த்த நேரத்திலிருந்து. அதற்கு முந்தி நான் வைத்திருந்தது விசுவாசம் என்று இப்போது சொல்ல மாட்டேன். அது நல்ல ஞாபகசக்தி.

சுவாமியார் என்னைக் கைவிடவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு வரச் சொன்னார். போனேன். செய்ததைச் சொன்னேன். அதற்காக மனம் வருந்தி மனஸ்தாபப்படுகிறீரா என்று கேட்டார். மகளை நினைத்தால் நெஞ்சு வெடிக்கிறது சுவாமி, ஆனால் அந்த நேரம் திரும்பி வந்தால் வேறு விதமாகச் செய்வேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்றேன். அப்படியென்றால் நான் மன்னிப்புக் கொடுக்க முடியாதே என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. அவருக்கும் பாடம் தெரியும், எனக்கும் தெரியும். அன்று தொடக்கம் ஞாயிறு பூசைக்குப் போவேன், கடைசியில் நிற்பேன், நற்கருணைக்கு எல்லோரும் எழும்பும்போது மன்னிப்புக் கிடைக்காத நான் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பேன்.

மகள் போன அடுத்த வருடம், மரித்தவர்களின் திருநாள். ஊரே சேமக்காலையில் இருந்தது. புல்லுச் செருக்கி, மேடு கட்டி, மெழுகுதிரி கொளுத்துகிற நாள். நாங்கள் கடவையால் வெளியே போய் அந்த மணலில் இருந்தோம். அங்கே திரி கொளுத்துவது வழக்கமில்லை. அவள் மடியிலிருந்து இரண்டு திரியை எடுத்துக் கொளுத்தினாள். வேலிக்கு உள்ளே செபம் தொடங்கியிருந்தது. எனக்குப் பதிலாக வந்த புது உபதேசியாரின் குரல் நன்றாகக் கேட்டது. வாவிக்கு மேலே மழை இருட்டியிருந்தது.

"இஞ்சேருங்க," என்றாள். "ஞானஸ்நானம் வாங்கினவங்களுக்கு ஆத்துமத்தில ஒரு முத்திரை விழும், அத ஒரு காலமும் அழிக்க ஏலா எண்டு படிப்பிச்சீங்களே."

"ஓம்."

"உங்களுக்கும் எனக்கும் அது இருக்கு."

"இருக்கு."

"நரகத்துக்குப் போனாலும் அழியாதா?"

"அழியாது."

"அப்ப நாம செத்தா, மோட்சத்துக்குப் போனாலும் நரகத்துக்குப் போனாலும், புள்ளயள் இருக்கிற இடத்துக்குப் போக ஏலா."

பாடத்தை மனதுக்குள் முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்த்தேன். எங்காவது ஒரு வழி விட்டிருக்கிறார்களா என்று தேடினேன். எனக்கு எட்டாம் நாளே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். அவளுக்கும் அப்படித்தான்.

"ஏலா," என்றேன்.

அவள் மேட்டில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு மேட்டிலும் பிடுங்கி முடித்து, மண்ணைத் தட்டி ஒழுங்காக்கினாள். பிறகு சொன்னாள்.

"அப்ப நாம நாலு பேரும் ஒண்டா இருக்கிறது இஞ்ச மட்டும்தான்."

மழை தொடங்கியது. வேலிக்கு உள்ளே ஆட்கள் சீலைத் தலைப்பையும் சால்வையையும் தலையில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு ஓடினார்கள். திரி இரண்டும் அணைந்துவிட்டன. போவோமா என்று நான் அவளிடம் கேட்கவில்லை.